கிரேஸ் மேடம் விட்டுப்போன உறை

மேடையில் அமர்ந்திருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, தாமலிலிருந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மேடத்தின் தாயார் பொன்னியம்மாள் அவர்களே, கணவர் டேனியல் சார் அவர்களே, ஒரு மாலை முழுக்கத் தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் பிள்ளையார்பாளையத்து நெசவாளத் தோழர்களே, ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு வந்து சேர்ந்த தாய்மார்களே! உங்கள் எல்லாருக்கும் இந்த ஃபக்ருதீனின் வணக்கமும் சலாமும்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. இருபத்திரண்டு வருடமாக நான் பேசிய பேச்சு இவ்வளவுதான்: "கையை நீட்டுங்க, முஷ்டியை மூடுங்க, அவ்ளோதான், ஆயிட்டுது." கல்லூரி ஆய்வக உதவியாளனுக்கு அதற்கு மேல் பேச்சு தேவைப்படவில்லை. பேச வேண்டியதை எல்லாம் மேடம் பேசிவிடுவார். இன்றைக்கு அவரைப் பற்றி நான் பேச வேண்டும் என்கிறீர்கள். எதைப் பேசுவது? எங்கிருந்து தொடங்குவது?

முனைவர் கிரேஸ் முனிரத்தினம்! உயிர்வேதியியல் துறைத் தலைவர்! ஆவாரையிலிருந்து சாறு எடுத்து, அது சர்க்கரை நோய்க்கு உதவுகிறதா என்று கேட்டுப் பதினான்கு வருடம் உழைத்த ஆராய்ச்சியாளர்! மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை, வகுப்பை முடித்துவிட்டுப் படியிறங்கியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. ஐம்பத்தெட்டு வயது. போகிற வயதா அது? சொல்லுங்கள், போகிற வயதா?

எனக்கு முன்னால் பேசியவர்கள் அவரை மருந்து கண்டுபிடித்தவர் என்றார்கள். நான் அதை மறுக்க வேண்டியிருக்கிறது. மன்னியுங்கள். மேடம் மருந்து கண்டுபிடிக்கவில்லை. ஒரு கேள்வியைக் கண்டுபிடித்தார். அந்தக் கேள்வி அவருடைய வீட்டிலிருந்தே வந்தது.

அவருடைய அப்பா முனிரத்தினம் தாமலில் கூலி வேலை செய்தவர். சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. சர்க்கரை வந்தது. மாதா மாதம் மாத்திரை வாங்க வழியில்லை. யாரோ சொன்னார்கள் என்று ஏரிக்கரை ஆவாரையைப் பறித்துக் கொதிக்கவைத்துக் குடித்தார். குடித்துவிட்டு மாத்திரையை அடியோடு நிறுத்தினார். காலில் புண் வந்தது, முழங்கால் வரைக்கும் எடுத்தார்கள். அடுத்த வருடம் ஆளே போய்விட்டார். அப்போது மேடம் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தார்.

இன்னொருவராக இருந்தால் என்ன செய்திருப்பார்? அந்தச் செடியைச் சபித்திருப்பார். அல்லது அப்பா குடித்தது என்று கும்பிட்டிருப்பார். மேடம் இரண்டையும் செய்யவில்லை. ஒருநாள் ஆவாரம்பூவை எடை போட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார்: "பாய், எங்கப்பா குடிச்சதுல ஏதாவது இருந்துதா, ஒண்ணுமே இல்லியா? அது எனக்குத் தெரியணும். இருந்துதுன்னா எவ்ளோ இருந்துது? அது தெரிஞ்சா மாத்திரையோட சேர்த்துக் குறைஞ்ச விலையில குடுக்கலாம். இல்லன்னா, வேணாம்னு கத்திச் சொல்லலாம். தெரியாம இருக்கிறதுதான் எனக்குத் தாங்கல."

தெரியாமல் இருப்பதுதான் தாங்கவில்லை! இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் பதினான்கு வருடமும்.

பிள்ளையார்பாளையத்துக்காரர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. காலை ஆறு மணிக்கு அந்தப் பழைய ஸ்கூட்டர் உங்கள் தெருமுனையில் திரும்பும். பின்னால் ரத்தக் குழாய்ப் பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டு நான். வண்டியை நிறுத்திவிட்டு முதலில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். ஒருநாள் கேட்டேன், என்ன மேடம் கேட்கிறீர்கள் என்று. "தறிச் சத்தம் கேக்குறேன் பாய். மூணாவது வீட்டுத் தறி நொண்டுது பாரு" என்றார். போய்ப் பார்த்தால், அந்த வீட்டுக்காரருக்குக் கால் மரத்துப்போய், மிதிகட்டையை மிதிக்கிறோமா இல்லையா என்றே தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார். பெருவிரலுக்கு அடியில் ஒரு புண். அவருக்கே தெரியாது! அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அந்தக் கால் இன்றைக்கும் இருக்கிறது. அந்தக் காலோடு அவர் இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறார்.

நான் முன்கோபக்காரன், எல்லாருக்கும் தெரியும். ஒருமுறை ஒரு குழாயின் மேல் எழுதியிருந்த எண் அழிந்துபோயிற்று. யாருடையது என்று எனக்கு நன்றாகத் தெரியும். எழுதிவிடுகிறேன் என்றேன். "தெரியும்னா எப்டித் தெரியும்?" என்றார். "நான்தானே மேடம் எடுத்தேன்!" என்று கத்தினேன். "கத்தினா எண்ணு வந்துடுமா பாய்?" என்றார். மறுபடியும் அந்த வீட்டுக்குப் போய், மன்னிப்புக் கேட்டு, மறுபடியும் ரத்தம் எடுத்துவந்தேன். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே போனேன். இன்றைக்கு அந்தத் திட்டு வாங்கவும் ஆள் இல்லை, அப்படிக் கேட்கவும் ஆள் இல்லை.

இப்போது நான் என் தவறைச் சொல்ல வேண்டும். இந்த ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேரும் தெரிந்துகொள்ளட்டும்.

நான்கு வருடத்துக்கு முன்னால் முதல் சோதனை. எண்பத்து நான்கு பேர். எல்லாரும் வழக்கமான மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு மேலே பாதிப் பேருக்கு ஆவாரைச் சாற்றை உலர்த்தி அடைத்த கேப்சூல். பாதிப் பேருக்கு அதே மாதிரி கேப்சூல், உள்ளே வெறும் அரிசி மாவு. யாருக்கு எது என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியக் கூடாது, கொடுக்கிற எங்களுக்கும் தெரியக் கூடாது. புள்ளியியல் துறை ராமராஜன் சாருக்கு மட்டும் தெரியும். ஒரே வீட்டில் இரண்டு நோயாளி இருந்தால் புட்டி மாறிவிடுமே, என்ன செய்யலாம்? மேடம் சொன்னார்: "புட்டி கழுத்துல ஒரு நூலைக் கட்டிடலாம் பாய். பாதி புட்டிக்குச் செவப்பு, பாதி புட்டிக்குப் பச்சை. எது எதுன்னு சார் முடிவு பண்ணட்டும்."

நூல் வாங்கும் வேலை என்னுடையது. சிவப்பு நூல், என் நண்பர் ஒருவர் தறியில் அறுத்துப்போட்ட மிச்சம். அசல் பட்டு. பச்சை அன்றைக்குக் கிடைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஃபேன்ஸி ஸ்டோரில் பட்டு மாதிரி மின்னும் ஆர்ட் சில்க் நூல் வாங்கினேன். கல்யாணப் புடவையா நெய்யப்போகிறோம், புட்டிக்குத்தானே என்று நினைத்தேன். காஞ்சிபுரத்தில் பிறந்து வளர்ந்தவன் நினைக்கக் கூடிய நினைப்பா அது?

ஐந்தாவது மாதம் தில்லையம்மாள் அக்கா வீட்டுக்கு ரத்தம் எடுக்கப் போகிறேன். மாடத்தில் இரண்டு புட்டி. ஒன்றில் சிவப்பு நூல், ஒன்றில் பச்சை நூல். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என்னக்கா இது என்றேன். அக்கா அங்கே உட்கார்ந்திருக்கிறார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"என்னா பாய், ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்குறீங்க? எனக்குக் குடுத்தது பச்சை, பக்கத்து வூட்டு குமரனுக்குக் குடுத்தது செவப்பு. செவப்பு அசல் பட்டு, பச்சை ஆர்ட் சில்க்கு. கண்ணை மூடிக்கினு தடவினாலே தெரியுதே! அசல் நூலு கட்டினதுலதானே அசல் மருந்து இருக்கும்? குமரன் நல்ல புள்ள, அதுல பாதி எனக்குக் குடுத்துச்சு. நானும் சும்மா வாங்கலாமா, என்துல பாதியை அதுக்குக் குடுத்தேன். தெருவே அப்டித்தான் மாத்திக்கினு இருக்குது."

தெருவே! ஐந்து மாதம்! எண்பத்து நான்கு பேரும் அக்கம்பக்கத்துக்கு ஈந்து ஈந்து, யார் எதைச் சாப்பிட்டார்கள் என்று அல்லாவுக்குத்தான் வெளிச்சம்!

அன்றைக்கு மேடத்தின் முன்னால் போய் நின்றேன். வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். அவர், நீங்கள் நம்ப மாட்டீர்கள், சிரித்தார். "தப்பு என்துதான் பாய். இந்த ஊர்ல போயி நூலை அடையாளமா வெச்சேன் பாரு!" என்றார். அதற்கப்புறம் மேஜையில் தலையை வைத்துக்கொண்டார். நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து உட்கார்ந்திருந்தேன்.

ராமராஜன் சார் தன் குறிப்பைப் பிரித்தார். பட்டு நூல் கட்டிய புட்டியில் இருந்தது என்ன தெரியுமா? அரிசி மாவு!

இப்போது கவனியுங்கள். அந்த ஐந்து மாதத்தில் ஏறக்குறைய எல்லாருக்கும் சர்க்கரை குறைந்திருந்தது. அந்தக் கணக்கை அப்படியே எழுதி அனுப்பியிருந்தால் பத்திரிகையில் வந்திருக்கும். புகழ் வந்திருக்கும். யார் கேட்கப்போகிறார்கள்? துறையிலேயே சிலர் சொன்னார்கள். மேடம் ஒரே பதில்தான் சொன்னார்: "கொறைஞ்சுது. எதனால கொறைஞ்சுது? சாறாலயா, நல்ல மருந்து கெடைச்சுதுன்னு சந்தோஷத்துல சோத்தைக் கொறைச்சிக்கினு நடந்தாங்களே, அதனாலயா? எனக்குத் தெரியாது. தெரியாததை எப்டி எழுதுவேன்?"

எழுதவில்லை. அதற்குப் பதிலாக எண்பத்து நான்கு வீட்டுக்கும் நடந்தார். ஒவ்வொரு வாசலிலும் நின்று உண்மையைச் சொன்னார். குமரன் வீட்டில் நடந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. குமரன் எழுந்து நின்று கத்தினார்: "அஞ்சு மாசமா எனக்கு மாவா மேடம் குடுத்தீங்க? அதைப் போயி தில்லையம்மா அக்காவுக்குத் தர்மம் வேற பண்ணேனே!" தெருவே சிரித்தது. மேடமும் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பை இன்னொரு முறை கேட்க என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன். என்னிடம் கொடுக்க என்ன இருக்கிறது என்பது வேறு விஷயம்.

அந்தக் குமரன் இரண்டாவது சோதனைக்கும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார்! அனுமதி வாங்கவே மூன்று வருடத்துக்கு மேல் ஆயிற்று. இந்த முறை நூலும் இல்லை, நிறமும் இல்லை. எல்லாம் ஒரே புட்டி, மேலே எண் மட்டும். பிள்ளையார்பாளையமும் ஐயம்பேட்டையும் சேர்ந்து நூற்று இருபது பேர். ஆறு மாதம். இன்னும் ஒன்பது வாரம் பாக்கி. வெறும் ஒன்பது வாரம்! பதினான்கு வருடம் காத்திருந்தவருக்கு இந்தச் சில வாரம் கிடைக்கவில்லையே!

எந்த எண்ணுக்குச் சாறு, எந்த எண்ணுக்கு மாவு என்ற பட்டியல் ராமராஜன் சாரிடம் இருக்கிறது. அந்தப் பட்டியல் தன்னிடம் வந்த நாளிலிருந்து அவர் எங்களோடு டீ குடிக்கக்கூட வருவதில்லை. முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவோமாம். அதன் நகல் ஒன்று, ஒட்டி முத்திரை வைத்த உறையில், எங்கள் ஆய்வக அலமாரியில் இருக்கிறது. யாருக்காவது திடீரென்று உடம்புக்கு முடியாமல் போனால் சோதனைக்குப் பொறுப்பான டாக்டர் பிரித்துப் பார்க்க. அந்த அலமாரிச் சாவி என்னிடம்.

சற்று முன்பு நம் நாட்டு மருந்துக்கடை சீனிவாசன் அண்ணன் இந்த மேடையில் ஒன்று அறிவித்தார். மேடத்தின் நினைவாக, அவர் பெயரிலேயே, "கிரேஸ் ஆவாரை கேப்சூல்" அடுத்த மாதமே தன் கடையில் மலிவு விலைக்குக் கிடைக்கும் என்றார். நீங்கள் எல்லாரும் கை தட்டினீர்கள். அண்ணன் நல்ல மனிதர். மேடத்தின் மேல் உள்ள பாசத்தில் சொன்னார். இன்னொரு அன்பர் எழுந்து, அந்த உறையை இன்றைக்கே இந்த மேடையிலேயே பிரியுங்கள், அதுதான் அவருக்கு அஞ்சலி என்றார். அதற்கும் கை தட்டினீர்கள்.

அண்ணே, கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். வேண்டாம். முனிரத்தினம் ஐயா மாத்திரையை நிறுத்தியது எதனால்? யாரோ நல்ல மனதோடு சொன்னதனால். மேடத்தின் பெயரை ஒரு டப்பாவின் மேல் போட்டால், இந்த ஊரில் எத்தனை பேர் மாத்திரையைத் தூக்கி எறிவார்கள்? எத்தனை தறி நொண்டும்? பொன்னியம்மாள் அம்மா இங்கே உட்கார்ந்திருக்கிறார். புருஷனைக் கொடுத்தவர், இப்போது மகளையும் கொடுத்தவர். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நாம் இதைச் செய்யலாமா?

என்னவோ நான் பெரிய யோக்கியன் என்று நினைக்காதீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன்.

மேடத்தை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாள் பகலில் ஆய்வகத்தில் தனியாக இருந்தேன். அவருடைய நாற்காலி, அவருடைய மூக்குக்கண்ணாடி, பாதி எழுதிய நோட்டு. வெளியே ஏதோ ஒரு ஸ்கூட்டர் வந்தது. எழுந்து வாசல் வரைக்கும் போய்விட்டேன். போன பிறகுதான் நினைவு வந்தது. திரும்பி வந்து அலமாரியைத் திறந்தேன். உறையை எடுத்தேன். பிரிக்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். மேடத்துக்காகத் தெரிந்துகொள்ளத்தான் பார்த்தேன் என்று சொன்னால் அது பாதிப் பொய். என் வீட்டுக்காரி உம்முசல்மா அந்தப் பட்டியலில் முப்பத்தேழாவது எண். அவளுக்குப் போவது சாறா, மாவா? ஒரு நிமிடம் வெளிச்சத்தில் பிடித்தால் தெரிந்துவிடும்.

தெரியவில்லை. ஒன்றுமே தெரியவில்லை. உள்ளே கறுப்புத் தாள்!

ராமராஜன் சாருக்கு ஃபோன் போட்டேன். என்ன சார், உறைக்குள் கறுப்புத் தாள் வைத்தீர்களா என்றேன். சார் சொன்னார்: "நான் வைக்கல பாய். ஒட்டுறதுக்கு முன்னாடி மேடம்தான் அந்தத் தாளைக் குடுத்தாங்க. 'இதையும் சுத்தி வெச்சுடுங்க சார். நம்ம பாய் மனசு தாங்காம வெளிச்சத்துல தூக்கிப் பார்ப்பாரு. பாவம், அப்புறம் அதுக்காக வருத்தப்படுவாரு'ன்னு சொன்னாங்க."

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இருபத்திரண்டு வருடத்தில் என்னை இவ்வளவு தெரிந்துவைத்திருந்தவர் யார்? என் தாயாருக்குத் தெரியுமா? உம்முசல்மாவுக்குத் தெரியுமா? செய்யப்போகும் தவறையும் தெரிந்து, அந்தத் தவறு என்னைச் சுடாமல் இருக்க வழியும் செய்துவிட்டுப் போயிருக்கிறாரே! மேடம், நீங்கள் எங்களுக்கு இன்னும் வேண்டும். அது நடக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வேண்டும்.

அந்த உறை இதோ, இந்தப் பையில் இருக்கிறது. முதல்வரும் ராமராஜன் சாரும் டாக்டரும் ஒப்புக்கொண்ட பிறகுதான் கொண்டுவந்தேன். பட்டியலில் மனைவி இருக்கிற ஒருவனிடம் இது இனியும் இருக்கக் கூடாது. யாரிடம் இருக்க வேண்டும்? முதல் சோதனையை விரல் நுனியால் தடவியே உடைத்தவரிடம் இருக்கட்டும். அவருக்கு இப்போது இன்சுலின் ஊசி போடுவதால் இந்தச் சோதனையில் அவர் இல்லை. அவர் வீட்டில் எல்லா நேரத்திலும் ஆள் இருக்கும். அவசரம் என்றால் டாக்டர் போய் வாங்கிக்கொள்ளலாம்.

தில்லையம்மாள் அக்கா, கொஞ்சம் மேடைக்கு வாருங்கள். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வாங்கப்பா. இந்தாங்க அக்கா. தடவிப் பார்க்காதீங்க!

என்ன அக்கா? மைக்கில் சொல்லுங்கள், எல்லாரும் கேட்கட்டும்.

"தடவ மாட்டேன் பாய். அந்தம்மா என் வாசல்ல வந்து நின்னு, தப்பு என்துன்னு சொல்லிச்சு. தப்பு பண்ணது நான். எங்கிட்ட யாரும் அப்டி வந்து சொன்னதில்ல. இதை ஒருத்தரும் பிரிக்க வுட மாட்டேன். எம் புள்ள கேட்டாலும் தர மாட்டேன்."

போதும் அக்கா. நான் இவ்வளவு நேரம் பேசியதை நீங்கள் நாலு வரியில் சொல்லிவிட்டீர்கள்.

அன்பர்களே! ஒன்பது வாரம் கழித்து, கடைசி ரத்தம் எடுத்த பிறகு, இதே மண்டபத்தில், பொன்னியம்மாள் அம்மா முன்னிலையில் இந்த உறையைப் பிரிப்போம். சாறு உதவியது என்றால் உதவியது என்று சொல்வோம். உதவவில்லை என்றால், அதையும் இதே மைக்கில் இதே குரலில் சொல்வோம். முனிரத்தினம் ஐயா குடித்ததில் என்ன இருந்தது என்று அன்றைக்குத் தெரியும். அவருடைய மகளுக்குத்தான் தெரியாமல் போயிற்று. அந்த ஏக்கத்தோடுதான் இந்த ஒன்பது வாரத்தையும் நான் கழிக்க வேண்டும். அதுவரை சீனிவாசன் அண்ணன் பொறுப்பார். தலையை ஆட்டுகிறார், நன்றி அண்ணே.

மலர் தூவினோம், படத்துக்கு மாலை போட்டோம். ஆனால் அவருக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை நாளைக் காலையில் இருக்கிறது. நாளைக்குத் திங்கட்கிழமை, மாதம் ஒருமுறை ரத்தம் எடுக்கும் நாள். மேடம் இல்லை, ஸ்கூட்டர் வராது. நானும் கலையரசியும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தே வருவோம். கலையரசி எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண், உம்முசல்மாவுக்கு அவள்தான் ரத்தம் எடுப்பாள். தெருமுனையில் நின்று ஒரு நிமிடம் தறிச் சத்தம் கேட்போம். எனக்கு அந்தக் காது கிடையாது, இருந்தாலும் நிற்போம். ரத்தம் எடுப்பதற்கு முந்தின நாள் மாலையில் அவர் உங்களுக்கு ஃபோன் போட்டுச் சொல்வாரே, அதை இன்றைக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பட்டியலில் இருக்கிற நூற்று இருபது பேரும் ஆறு மணிக்குப் பிள்ளையார்பாளையத் தெருமுனைக்கு வந்துவிடுங்கள். வெறும் வயிற்றோடு வாங்க. காபிகூடக் குடிக்காதீங்க.